கடைசி ஆளுக்கு நேரே

காற்பந்தில் என் வேலை
பந்தைப் பார்ப்பதல்ல.
கடைசித் தற்காப்பாளன் எங்கே நிற்கிறானோ
அவனுக்கு நேரே, வெள்ளைக் கோட்டோரம்,
கொடியோடு நிற்பது.
அவன் முன்னேறினால் நானும்.
பின்வாங்கினால் நானும்.
ஏழு பருவம் இப்படி
க்வாபிலோடு நடந்தேன்,
முப்பது மீட்டர் தள்ளி.

செக் மொழியில் அந்தப் பெயருக்கு
'அவசரப்பட்டான்' என்று பொருளாம்.
ஆள் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.
ஷும்பெர்க்கில் உறைந்த மண்ணில் பந்து பழகியவன்
ஜாலான் புசார் அரங்கில் இறங்கிய முதல் சனிக்கிழமை
அரைமணியில் வெந்த இறால் நிறமானான்.
இடைவேளையில் ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டான்.
ஒலிபெருக்கிக்காரர் வாராவாரம் ஒரு பெயர் வைத்தார்:
ஒண்ட்ரே, ஆண்ட்ரே, ஒருமுறை அந்தோணி.
எல்லாவற்றுக்கும் கை அசைத்தான்.

ஓடமாட்டான்.
ஓட நேர்ந்தால் நின்ற இடம் தப்பு என்பான்.
எதிராளி தோளைத் திருப்பும்போதே
இரண்டடி முன்வைத்து
ஒற்றைக் கையைத் தூக்குவான்,
பேருந்தை நிறுத்துகிறவனைப் போல.
நான் கொடியைத் தூக்குவேன்.
பேருந்து நிற்கும்.

ஒருநாள் தூக்கியது தப்பு.
இறுதியாட்டம், எண்பத்தொன்பதாம் நிமிடம்,
இமையில் வியர்வை. கை தானாக எழுந்துவிட்டது.
கோல் செல்லாது.
அவன் அணி கோப்பையோடு படமெடுத்துக்கொண்டது.
கேமரா அந்தக் கோணத்தில் இல்லை.
அவன் மட்டும் என்னை ஒருமுறை பார்த்தான்.

பிறகு முழங்கால் போயிற்று.
அதே சங்கம் ஒரு விசிலும்
இரண்டாண்டு ஒப்பந்தமும் கொடுத்தது.
இப்போது பயிற்றுவிப்பாளர்;
புள்ளிக்கோட்டுக் கட்டத்தைத் தாண்டினால்
எச்சரிக்கை உண்டு.
அதன் முன்னால் நான் போகவர ஓடுகிறேன்.
முகம் தெரியாது, குரல் மட்டும் என் பிடரியில்:
"ஏறு, ஹைகல்! ஏறு!"
தேசிய சேவை முகாமிலிருந்து
மொட்டைத் தலையோடு நேரே வரும் பையன்
ஓரடி பின்தங்குவான்.
அந்த ஓரடியில் கோல் விழும்.
என் பின்னால் ஒரு தண்ணீர்ப் புட்டி உதைபடும்.
இப்படி ஐந்து வாரம்.

ஆறாவது வாரம், ஹவ்காங்கில்,
மின்னல் அபாயச்சங்கு ஊளையிட்டது.
எல்லாரும் கூரைக்கடியில் ஒதுங்கினோம்.
கயிறு கட்டிய பையில் கோப்பி ஓ நீட்டினான்.
விதிப்படி நான் வாங்கக்கூடாது.
வாங்கினேன்.
மழையைப் பார்த்தபடி கேட்டான்:
"அந்த இறுதியாட்டம். எவ்வளவு?"
கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் விரித்துக் காட்டினேன்.
அவன் என் விரல்களைப் பிடித்து
இன்னும் அகட்டினான்,
ஒரு பூட்ஸ் அளவுக்கு.
"பதக்கம் காலுறைகளுக்கு அடியில் கிடக்கிறது" என்றான்.
வேறெதுவும் பேசவில்லை.
சர்க்கரை அதிகம்.

ஆட்டம் தொடர்ந்தது. கடைசி நிமிடம்.
ஹைகல் ஏறினான்!
நால்வரும் ஒரே கோடாய் ஏறினார்கள்.
மொட்டைப் பையன் கையைத் தூக்கினான், அச்சு அசல் அவனைப்போல.
ஆனால் எதிராளியின் தோளும்
ஹைகலின் முழங்காலும் ஒரே நேர்.
பார்த்தேன். இந்த முறை பார்த்தேன்.
கொடி தொடையோடு ஒட்டியே இருந்தது.
வலை அசைந்தது.
பின்னால் எதுவும் உதைபடவில்லை.
"சரிதான்" என்று யாரோ மெதுவாகச் சொன்னமாதிரி இருந்தது;
மழைச்சத்தமாகவும் இருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை சங்கம் இரண்டு வரி அறிக்கை விடும்,
பெயரில் ஓரெழுத்தை விட்டுவிட்டு.
அது பிறகு.
அன்றிரவு பேருந்து நிறுத்தத்தில் அவன் நின்றிருந்தான்,
தோளில் பை, கையில் ஈரக் காலணி.
147 வந்தது.
இரண்டடி முன்வைத்துக் கையைத் தூக்கினான்.
நான் அடுத்ததற்குக் காத்திருந்தேன்;
ஒரே பேருந்தில் போனால் ஊர் பேசும்.
அவன் ஏறிப்போய்
கடைசி வரிசையில் உட்கார்ந்தான்,
அங்கிருந்து எல்லாரும் தெரிவார்கள்.