முப்பத்தேழு

ஒன்பது கேமரா, ஒரே ஒரு ஃபிலிம் சுருள்.
காசிமேட்டில், ஐஸ் உடைக்கிற கூடத்துக்கு எதிரே
மீரான் டீக்கடை பெஞ்சில் ஞாயிறு காலை.

சுருள் விலை ஆயிரத்துக்குப் பத்து குறைச்சல்.
ஆளுக்கு நூற்றுப்பத்து போட்டோம்.
முப்பத்தாறை ஒன்பதால் வகுத்தால் நாலு,
மீதி இல்லை என்று எபினேசருக்குச் சந்தோஷம்.
வங்கியில் இருக்கிறவன்,
மீதி வந்தால் தூங்க மாட்டான்.

சுருள் டெஸ்மண்டின் பென்டாக்ஸில் ஏறியது.
மற்ற எட்டுக்கும் வெறும் வயிறு.
அதற்காகச் சும்மா இருக்க முடியுமா,
காதோரம் பிடித்து
ஒன்றுமில்லாததை அழுத்திக் கேட்டோம்.
என் ஜெனிட், ரேஷன் கடை ஷட்டர் விழுவது போல.
வஹிதாவின் ரோலிகார்டோ
ச்சு கொட்டும், நம்மைப் பார்த்துப் பரிதாபப்பட்டு.
இன்னொரு தரம், இன்னொரு தரம் என்பதற்குள்
டீயில் ஆடை படிந்தது.

கடல் காற்று லென்ஸைச் சும்மா விடாது.
பூஞ்சை இருக்கா என்றால்
சர்க்கரை இருப்பதை ஒத்துக்கொள்ளும் குரலில்
'லேசாத்தான்' என்பார்கள் எல்லாரும்.

நாலையும் ஒரே நண்டுக்குக் கொடுத்தான் எபினேசர்.
என் நாலாவது, வலைக் குவியலில் தூங்கிய நாய்.
அழுத்தும்போது எழுந்து போய்விட்டது.
வஹிதா தன் கடைசிப் படத்துக்கு
ஒன்றரை மணி நேரம் பாலத்தடியில் நின்றாள்.
எதுக்கு?
'வரும்.'
வந்ததா தெரியாது. அழுத்தினாள்.

முப்பத்தாறு முடிந்தும்
லீவர் இன்னொரு தரம் திரும்பியது.
மீதி ஒன்று.
எபினேசர் முகம் செத்துப்போனது.
யாருடையது அது?
பேச்சு முற்றி, 'ஒங்க அப்பன் வூட்டு கேமராவா' வரை போய்
(ஆமாம், டெஸ்மண்டின் அப்பா வீட்டுக் கேமராதான்)
அன்னக்கூடையில் சங்கரா வைத்திருந்த மரகதக்கா எழுந்து வந்தார்.
'இன்னா, காலைலேந்து ஒரே பொட்டியச் சுத்தி நிக்கிறீங்க?'

நீங்களே எங்களை எடுங்கக்கா என்றோம்.
முந்தானையில் கை துடைத்து வாங்கிக்கொண்டார்.
பின்பக்கம் திருப்பினார். கறுப்பு.
'படம் எங்கடா?'
கழுவினாத்தான்க்கா. ரெண்டு வாரம்.
'இன்னிக்கு மீன ரெண்டு வாரம் கயிச்சு வித்தா
வாங்குவியா நீ?'
அழுத்தினார்.
செதில் ஒட்டியதை டெஸ்மண்ட் துடைக்கவில்லை.

கழுவியது வண்ணாரப்பேட்டையில்,
அந்தப் பேட்டைக்கு அது புதிதில்லை,
வஹிதா வீட்டுக் குளியலறையில்,
கதவிடுக்கில் போர்வை செருகி.
இருட்டில் சுருளின் நுனியைத் தேடிக்
கத்தரிக்கோல் போட்டாள்.
எங்கள் நடுவில் விழுந்தது வெட்டு.

நாலரைப் பேர் கிடைத்தோம்.
மீரானின் பாய்லர் முழுசாக இருந்தது.
நான் ஒரு முழங்கை,
அரைக்கைச் சட்டைத் தையலை வைத்துக் கண்டுபிடித்தேன்.
மற்றவர்கள் டப்பாவின் அச்சோடு ஒட்டிக்கொண்டு
வெளியே வந்த நிமிஷமே வெளிச்சம் குடித்துக்
கறுத்துவிட்டார்கள்.

பிரின்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.
ஈரக்கை படாமல் ஓரத்தைப் பிடித்து
நெடுநேரம் பார்த்தார்.
'மீதிப் பேரு எங்க?'
வெட்டுப்பட்டுருச்சுக்கா.
'நா எல்லாரையுந்தான் எடுத்தேன்.'
வஹிதா தரையைப் பார்த்தாள்.

எடைக்கல்லுக்கு அடியிலிருந்து
உப்பில் விறைத்த நூறு ரூபாய்த் தாள் வந்தது.
அடுத்த சுருளுக்குப் பத்துப் பேர்.
ஆளுக்குத் தொண்ணூற்றொன்பது.
மரகதக்காவுக்கு ஒரு ரூபாய் பாக்கி தர வேண்டும்.

முப்பத்தாறைப் பத்தால் வகுத்தபடி
ராயபுரம் ஸ்டேஷன் வரை
ஒன்றும் பேசாமல் வந்தான் எபினேசர்.