கேட்டு போட்ட நேரம்

நீடாமங்கலத்தில் கேட்டு போட்டால்
ஒரு பிரசவமே நடந்துவிடும் என்பார்கள்.
அன்று கூட்ஸுக்கு எஞ்சின் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
வண்டியை அணைத்துவிட்டு
இவர் கைபேசியை எடுத்தார்.
பின்னால் நான்,
மடியில் மன்னார்குடி ஸ்கேன் சென்டர் உறை.

நெல் லாரிக்கும் கும்பகோணம் பஸ்ஸுக்கும் நடுவே
வாளியோடு ஒருத்தி வந்தாள்.
சேலைமேல் ஆம்பளை முழுக்கைச் சட்டை,
நடவுக்குப் போகிறவள் மாதிரி.

குனிந்தாள்.
ஒரு பிடி சேறு, அதில் ஒரு தாள்,
பின்னால் ஓரடி.
ஒரு பிடி சேறு, ஒரு தாள்.
தார் ரோட்டில் நாற்றாக நின்றன தாள்கள்.

முதலில் விளம்பரம் என்றார்கள்.
அப்புறம் பைத்தியம் என்றார்கள்.
கடலை விற்கிறவர் மட்டும்
"நெருக்கி நடு தாயி, களை மண்டிப்போவும்" என்றார்.
நெருக்கி நட்டாள்.

என் கால்பக்கம் வந்தபோதுதான் படித்தேன்.
ரேஷன் அட்டை, பட்டா,
நூறு நாள் வேலை அட்டை, வங்கி மனு,
எல்லாம் நகல்.
எல்லாவற்றிலும் ஓரிடத்தைப்
பிளேடால் சதுரமாய் வெட்டியிருந்தாள்:
தந்தை அல்லது கணவர் பெயர்.
ஒரு சதுரத்துக்குள் அடுத்த சதுரம் தெரிந்தது,
கடைசியில் தண்டவாளம்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.
"பேரு?"
"வலங்கைமான் ராமலிங்கம் வீட்டுல"
வாய் தானாகச் சொன்னது.
அவள் சிரிக்கவில்லை.
மடை திறக்கக் காத்திருப்பவள்போல நின்றாள்.

இவர் தலை தூக்கி
என் பெயரைச் சொன்னார்.
பதினெட்டு வருஷமாய் 'இந்தா'தான்.
இவர் வாயில் அது கேட்டதற்கா,
அதையும் இவரே சொல்லிவிட்டதற்கா
கண் கலங்கியது, இன்னும் தெரியவில்லை.

"அவங்க சொல்லட்டும்" என்றாள்.

அதற்குள் ரயில்.
பெட்டி பெட்டியாய் நெல்.
அந்தச் சத்தத்துக்குள் சொன்னேன்.
பக்கத்து வண்டிக் குழந்தை
திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னேன்.
அவளுக்குக் கேட்டதா என்று
கேட்பதற்குள் கேட்டு திறந்துவிட்டது.

யார் நிற்பார்கள்.
ஆரன், புகை, டயருக்கடியில் வயல்.
லாரிக்காரன் மட்டும் கொஞ்சம் ஒடித்துப் போனான்,
பள்ளம் என்று நினைத்திருப்பான்.
ஓரத்தில் அவள்
வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து
கடலை தின்றுகொண்டிருந்தாள்.

வீட்டில் பின்சக்கரத்தில் சேறு காய்ந்திருந்தது.
சுரண்டினேன். ஒரு துண்டுத் தாள்,
வெட்டின ஓரம் மட்டும்.
"அந்தப் பொம்பளைக்கு இதுக்கு யாரு காசு கொடுக்குறா?"
இவர் உள்ளேயிருந்து கேட்டார்.

ஸ்கேன் உறையை அப்போதுதான் பார்த்தேன்:
திருமதி ராமலிங்கம், வயது 41.
கர்ப்பப்பை என்னுடையது.

வீட்டில் பிளேடு இல்லை.
அரிவாள்மனை இருந்தது.