தெரிந்த மொழிகள்

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம், மாடிப்படிக்குக் கீழே
ஆறுக்கு எட்டில் ஒரு கடை.
இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர்,
காகிதம் சிக்கினால் தட்ட ஒரு மர ஸ்கேல்.
காலையில் பி.காம். மூன்றாம் ஆண்டு,
மாலை ஐந்திலிருந்து பயோடேட்டா அடிக்கிறேன்.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்,
எங்கள் வகுப்பென்றால் இருபது.

நாளை ஓசூரில் வேலைவாய்ப்பு முகாம்.
வரிசை பிரியாணிக் கடை வரை போய்விட்டது.
அண்டாவைத் திறக்கும்போதெல்லாம்
வரிசை கொஞ்சம் கலைகிறது.

முனிரத்னா, கெலமங்கலம்.
தெரிந்த மொழிகள்?
"தமிழ், இங்கிலீஷ். இங்கிலீஷ் கொஞ்சம்தான்."
அதற்குள் போன்.
அம்மாவிடம் தெலுங்கில் கத்தினாள்.
அடுத்தது ரோஜாத் தோட்டத்து மேஸ்திரி,
பாக்கிக் கூலியைக் கன்னடத்தில் கேட்டாள்,
மரியாதையாக, ஆனால் விடாமல்.
போனை வைத்துவிட்டு, "ரெண்டு மொழி" என்றாள் மறுபடி.
நான் நான்கு அடித்தேன்.
"வீட்டில் பேசுறதையெல்லாமா எழுதுவாங்க?"
எல்லையில் கம்பெனி வைத்திருப்பவனுக்கு
வேறு யாரடி வேண்டும்?

தன்வீர் பாஷா.
முன் அனுபவம்?
"இல்லை."
பிளஸ் ஒன்னிலிருந்து மூன்று மாம்பழ சீசன்,
கூழ் ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட்,
லாரிக்கு எத்தனை கிரேட் என்று எண்ணியவன்.
"அது கூலி."
கூலி கொடுத்தார்கள் என்றால் வேலைதானே.
சரக்குக் கணக்கு, இரவுப் பணி, மூன்று பருவம்:
திரையில் பார்த்தான்,
வேறு யாருடைய போட்டோவையோ பார்ப்பதுபோல.
"விசாரிச்சா?"
சூப்பர்வைசர் நம்பர் போடு.
"அவர் என்னைத் திட்டிக்கிட்டே இருப்பார்."
பரவாயில்லை,
திட்டுகிறவருக்குத்தான் பெயர் ஞாபகமிருக்கும்.

தீர்த்தகிரிக்கு மலையில் வீடு, சித்தேரிக்கும் மேலே.
விடுதி மூடிவிட்டால்
பாறை மேல் ஏறினால்தான் இரண்டு கோடு சிக்னல்.
'மாலை ஆறுக்கு மேல் அழைக்கவும்' என்று போடலாமா,
போட்டால் திமிர் என்று நினைப்பார்களா,
பத்து நிமிடம் பேசினோம்.
பின்னால் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.
கடைசியில் கடை நம்பரையும் சேர்த்துவிட்டேன்,
முதலாளியைக் கேட்கவில்லை.

இளவேனில் அதிகம் பேசவில்லை.
நிரந்தர முகவரி வந்ததும் குனிந்து சொன்னாள்:
"அந்தக் கடைசி வார்த்தை வேணாம்.
தபால்காரருக்கு வழி தெரியும்."
காலனி.
இங்கிலீஷில் ஆறு எழுத்து, ஆறு தட்டு.
ஊர்ப்பெயருக்கு முன்னால் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
எதுவும் நடக்காததுபோல்
அடுத்த வரிக்குப் போனேன்.

காசு கொடுத்துப் படி வரை போனவள்
திரும்பி வந்தாள்.
"ரெண்டு காப்பி போடு.
ஒண்ணு வார்த்தையோட, ஒண்ணு இல்லாம."
எந்த மேசைக்கு எது என்று
அங்கே போய் முகம் பார்த்துக் கொடுப்பாளாம்.
அதற்கென்று
இரண்டு நிறத்தில் ஃபைல் வாங்கியிருந்தாள்.
இரண்டாவது காப்பிக்கு
நான் காசு வாங்கவில்லை. அவள் விடவில்லை.

ஒன்பதரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
என்னுடையதைத் திறந்தேன்.
'புகழ்பெற்ற நிறுவனமொன்றில் என் திறமைகளை வெளிப்படுத்தி...'
முதலாளியின் பழைய ஃபைலில் இருந்த வரி.
இன்று முப்பத்திரண்டு பேருக்கு
இதையே ஒட்டியிருக்கிறேன்.
நாளை முப்பத்திரண்டு பேர்
ஒரே ஆசையை நீட்டப்போகிறோம்.
அழித்தேன்.
எனக்கு என்ன வேண்டும்?
டியூப்லைட் இரண்டு முறை மினுக்கியது.
அந்த இடத்தை வெற்றாகவே விட்டு
பிரிண்ட் கொடுத்தேன்.

பிறகு வகுப்புக் குழுவில் எழுதினேன்:
ஐந்து பத்துக்கு முதல் பஸ், டிப்போ பக்கம் நில்லுங்கள்.
போட்டோ நான்கு.
அசல் சான்றிதழை யார் கேட்டாலும்
காட்டலாம், கொடுத்துவிட்டு வரக்கூடாது.
வேலைக்கு முன்பணம் கேட்டால்
எழுந்து வந்துவிடுங்கள், டீ குடித்திருந்தாலும்.
தன்வீர், அந்த வெள்ளைச் சட்டையில் பட்டன் இல்லை.
யாரிடமாவது ஸ்டேப்ளர் இருக்கிறதா?
கடையில் இருப்பது உடைந்துவிட்டது.