ஆளுக்கு இரண்டு மட்டும்

முதல் கிளை தண்டையார்பேட்டையில்,
படம் ஓடாமல் போன ஒரு கொட்டகைக்குள்.
இருக்கைகளைப் பிடுங்கினார்கள், திரையைக் கழற்றினார்கள்,
சரிவுத் தரையை மட்டும் அப்படியே விட்டார்கள்.
சிமெண்டில் போடுகிற காசைத்
துவரம்பருப்பில் குறைக்கலாம் என்றாராம் முதலாளி.
அதனால் இன்றைக்கும்
கைவிட்டால் தள்ளுவண்டி தானாக உருண்டு
திரை இருந்த இடத்துக்கே போகிறது.
அங்கே அரிசி மூட்டை அடுக்கியிருக்கிறோம்.
முட்டி நிற்கும்.

நான் சேர்ந்தபோது மூன்று கிளை.
கொருக்குப்பேட்டைக் கிளை ரயில்வே கேட்டை ஒட்டி.
கேட் மூடினால் கூட்டம் உள்ளே வரும்,
திறந்தால் பாதி பில்லில் ஓடிவிடும்.
வியாசர்பாடியில் ஐப்பசி பிறந்தால்
கீழ்த்தட்டில் எதையும் வைக்கமாட்டோம்,
தண்ணீருக்கு ஒதுக்கிய தட்டு அது.
பிறகு கொடுங்கையூர், எர்ணாவூர், மணலி,
பிறகு எனக்கு வழி தெரியாத ஊர்கள்.
பதினேழாவது கிளை திறந்த அன்று
எங்களுக்கு ஆளுக்கொரு லட்டு.
பதினெட்டாவதுக்கு
அதே லட்டை இரண்டாகப் பிட்டார்கள்.

பெட்டியைப் பிரித்து அடுக்குகிற வேலை இல்லை,
வாயைக் கிழித்து அப்படியே வைப்போம்.
பை கிடையாது. ஏசி கிடையாது.
நாற்காலி, பில் போடும் எங்களுக்கும் கிடையாது.
கடன் இல்லை என்று எங்கேயும் எழுதிப் போடவில்லை;
கடன் கேட்கிற மாதிரி ஒரு முகம்
அங்கே யாருக்கும் இல்லை.

மூன்றாம் தேதி, சனிக்கிழமை. எண்ணெய் நூற்றுப்பத்து.
பலகையில் சாக்பீஸால் எழுதியது நான்தான்:
ஆளுக்கு இரண்டு மட்டும்.

வரிசையில் எங்கள் தெருமுனைக் கடை சங்கரலிங்கம்,
இரண்டு பாக்கெட்.
பின்னால், யாரோ போல, அவர் மனைவி,
இரண்டு பாக்கெட்.
அப்புறம் டியூஷன் பையோடு மகள்.
அப்புறம் மாவு மெஷின் எத்திராஜ்.
"எனக்கும் எண்ணெதாம்மா வேணும்" என்றார்,
நான் கேட்காத கேள்விக்கு.
அவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது.
எனக்கும் அவர்களைத் தெரியாது.
ஸ்கேனர்தான் எட்டு முறை கத்தியது.
மேலாளர் டெல்வின் எட்டிப் பார்த்து,
"கடக்காரங்க யாராச்சும் வந்தா சொல்லுங்க" என்றார்.
சரி சார்.

ராத்திரி ஒன்பதரை.
சம்பளம் ஏழாம் தேதி.
மசாலா தடவிய நெத்திலி தட்டில் காத்திருக்கிறது,
வீட்டில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.
தெருமுனைக் கடையில் அதே பாக்கெட்,
காலையில் நான் ஒட்டிய மஞ்சள் ஸ்டிக்கர்
நகத்தால் சுரண்டிப் பாதி போயிருக்கிறது.
"நூத்தி இருபத்தாறு" என்றார், என்னைப் பார்க்காமல்.
"எழுதிக்கோங்க" என்றேன், அவரைப் பார்க்காமல்.
ரப்பர் பேண்டைக் கழற்றியதும்
நீள நோட்டு என் பக்கத்திலேயே திறந்துகொண்டது.

பதினாறு ரூபாய்.
காலை முழுக்க நூற்றுப்பத்து நூற்றுப்பத்தாக
என் கை வழியாகப் போன காசில்
என்னுடைய நூற்றுப்பத்து இல்லை.
ஏழாம் தேதிவரை காத்திருக்கிற எண்ணெய்
எந்தக் கிளையிலும் கிடைப்பதில்லை.
அவரைத் திட்டலாமா என்று யோசித்தேன்.
நெத்திலி நாறிவிடும்.

"பத்தொன்பதாவது நம்ம தெருவுக்கே வருதாமே,
ஐஸ் பேக்டரி இடத்துல?"
"அப்படித்தான் பேசிக்கறாங்க."
"அங்கயும் ஆளுக்கு ரெண்டுதானா?"
"தெரியலங்க."
பேனாவை மூடிக் காதில் செருகினார்.
நோட்டில் என் பெயர் மேல் விரலை வைத்துக்கொண்டே,
"ஒங்க வீட்டுக்காரருக்கு
சனிக்கிழம ஹார்பர்ல லோடு கெடையாதுல்ல?" என்றார்.

நான் பாக்கெட்டை எடுத்துக்கொண்டேன்.
மிச்ச ஸ்டிக்கர் கட்டைவிரலில் ஒட்டியது,
அதைத் தராசின் ஓரத்தில் துடைத்துவிட்டு
கேட்டேன்:
எத்தனை மணிக்கு வரணும்?