இருபது புள்ளிகள்

பெயர் போட்டாயிற்று.
கணவர் பெயர்: பக்கத்திலேயே சிவப்பாய் ஒரு நட்சத்திரம்.
நட்சத்திரம் போட்ட கட்டத்தை நிரப்பாமல்
அடுத்த பக்கம் திறக்காது.
கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை
இப்படித்தான், கட்டமும் நட்சத்திரமுமாக
என்னை விரித்துவைத்துப் பார்த்தார்கள்.

பதினோரு வருடமாக எனக்குச் சோறு போடுவது
படிவங்களை உடைக்கிற வேலை.
வயதுக் கட்டத்தில் மைனஸ் ஐந்து கொடுப்பேன்.
பிறந்த தேதி, பிப்ரவரி முப்பது.
எதை மறுக்காமல் விழுங்குகிறதோ அங்கே ஓட்டை.
குறித்து அனுப்பினால்
நாலாவது மாடியில் யாரோ ஒரு பையன்
என்னைத் திட்டிக்கொண்டே அடைப்பான்.

இது என்னைச் சோதிக்கிறது:
வேலையில் ஏழு மாத இடைவெளிக்குக் காரணம்.
குறைந்தது இருபது எழுத்து.
'சொந்தக் காரணம்' என்றேன்.
போதாது என்றது.
இருபது புள்ளி வைத்தேன்.
ஏற்றுக்கொண்டது.

காடுபீசனஹள்ளியில் இறங்கி
வாசல் நோட்டில் மடிக்கணினியின் எண்ணை எழுதி
ஆறாவது மாடி.
அறைகளுக்கெல்லாம் ஆறுகளின் பெயர்.
எனக்கு விழுந்தது காவேரி.
தண்ணீர் கேட்டேன்.
வரும் என்றார்கள்.

கோதண்டபாணி என்று அட்டையில் இருந்தது.
பக்கத்தில் ஒரு பெண், தலை நிமிராமல் தட்டச்சு.
அரைமணி நேரம் ஆங்கிலத்தில் நல்ல கேள்விகள்,
நானும் நன்றாகத்தான் சொன்னேன்.
ஊர் போச்சம்பள்ளி என்றதும்
தமிழுக்குள் வந்துவிட்டார்,
செருப்பைக் கழற்றாமல்.

"போச்சம்பள்ளியில எந்தத் தெரு?"
தெருவைக் கேட்டால் எதைக் கேட்கிறார்கள் என்று
எங்கள் பக்கத்தில் பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும்.
சந்தைக்குப் பக்கம், என்றேன்.
சந்தை எல்லாருக்கும் பக்கம்தான்.

"ராத்திரி கால் இருந்தா வீட்டுக்காரர் ஒத்துப்பாரா?
மாமியார் கூடவா இருக்காங்க?
வீட்ல விசேஷம் எதுவும்... இல்ல, இனிமே திட்டம்?
தப்பா நினைச்சுக்காதீங்கம்மா,
எல்லார்கிட்டயும் கேட்கறதுதான்."
அந்தப் பெண்ணின் விரல்கள் அப்போது மட்டும் நின்றன.

அவர் கட்டைவிரலில் பிளாஸ்திரி, ஓரத்தில் ரத்தம் காய்ந்து.
மேசைமேல் போன் மூன்றுமுறை ஒளிர்ந்தது,
'அம்மா வார்டு' என்று.
மூன்றாவது முறை கவிழ்த்து வைத்தார்.
என்ன ஆச்சு என்று
நாக்கு நுனிவரை வந்தது.
கேட்கவில்லை.

"சரி, அந்த ஏழு மாசம்? புள்ளியா வச்சிருக்கீங்களே,
என்ன இது?"
புள்ளிதான் சார், என்றேன்.

சொல்லியிருக்க வேண்டியது
500டி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது வந்தது:
உயிர் ஏறாத எழுத்துக்குத்தான் தலையில் புள்ளி.
புள்ளி வைத்தால் அது மெய்.
ஒன்றாம் வகுப்பில் சிலேட்டில் போட்டது.

இதைப் படிக்கிற உங்களுக்கும்
இந்நேரம் ஏதோ ஒன்று தோன்றியிருக்கும்.
ஆஸ்பத்திரியா, கோர்ட்டா, பிள்ளையா,
கட்டிலா, கடனா.
நீங்கள் நல்லவர்கள்தான்.
இருந்தாலும் சொல்வதாக இல்லை.

அகராவில் பஸ் நின்றது, நின்றபடியே இருந்தது.
மின்னஞ்சல் ஒன்று வந்தது:
நேர்காணல் அனுபவம் எப்படி இருந்தது,
ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை?
நட்சத்திரத்தைத் தொடவில்லை.
கருத்துக் கட்டத்தில் மட்டும்,
பழக்க தோஷம், எழுதி அனுப்பினேன்:

இடைவெளிக்கான இடம்
வெறும் புள்ளிகளை ஏற்கிறது.
ஓட்டைதான்.
அடைக்க வேண்டாம்.