உல்லைக்கு வரும் வழி

மசத்லான் என்ற ஊரிலிருந்து
எஃப்ரைன் என்ற ஒருவர் கேட்டிருக்கிறார்:
கொழும்பில் இறங்கியபின் உங்களிடம் எப்படி வருவது?
என்னோடு ஏழடி நீளத்தில் ஒரு பலகையும் வருகிறது.

மீன் ஆணத்துக்கு உப்புப் பார்த்துவிட்டு
கையைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

புறக்கோட்டையில் இரவு பஸ் இருக்கிறது.
பலகைக்குத் தனிக் காசு கேட்பார்கள், கொடுங்கள்.
கட்டுகிற பொடியனுக்கும் ஏதாவது கொடுங்கள்,
முடிச்சு அவன் கையில்.
வெல்லவாயவில் தேநீர். மொனராகலைக்குப் பிறகு தூங்க வேண்டாம்.
லகுகலையில் யானை நின்றால்
டிரைவர் விளக்கை அணைப்பார்,
நீங்களும் போனை அணையுங்கள்.
யானை தன் அலுவலை முடித்துக்கொண்டு போகும்.
அதற்கு நேரசூசி இல்லை.

ரயில் என்றால் மட்டக்களப்பு வரைதான்.
தண்டவாளம் அங்கே வாவியைக் கண்டு நின்றது,
இறங்குவதா என்று இன்னும் யோசிக்கிறது.
மறுகா கல்முனை பஸ்.
கல்முனையில் மாறி அக்கரைப்பற்று,
அக்கரைப்பற்றில் மாறி பொத்துவில்.
காத்தான்குடியில் நடுரோட்டில் பேரீச்ச மரங்கள் நிற்கும்,
வேறு நாட்டுக்கு வந்துவிட்டோம் என்று இறங்கிவிடாதீர்கள்.
கோமாரியில் இடப்பக்கம் பாருங்கள்.
நீங்கள் தேடி வருகிற அலை
அங்கே சும்மா வந்து போய்க்கொண்டிருக்கும்.

மலை ரயில் அழகென்று எல்லாரும் சொல்வார்கள்.
பதுளையில் அன்றைய கடைசி பஸ் போயிருந்தால்
என்னைக் குற்றம் சொல்லக் கூடாது.

வேன் வேண்டுமென்றால் சபூர்தீன்.
நிதானமான ஓட்டம், நிதானமில்லாத வாய்.
விலையை அவரோடு பேசுங்கள்.

அனுப்பிவிட்டேன்.
தோளுக்கு மேலால் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்த
இஃபாஸா கேட்கிறாள்:
"இதில எதில போயிருக்கீங்க உம்மா?"

எழுதாத வழி ஒன்று இருக்கிறது, மகள்.
பொத்துவில் ஆஸ்பத்திரி வாசலில் புறப்படும்.
சீட்டு வேண்டாம், படுத்தபடி போகலாம்.
உனக்கு அப்போது எட்டு மாதம், வயிற்றுக்குள்.
மேலே லைட் மூடிக்குள் செத்த பூச்சி ஒன்று கிடந்தது.
வண்டி திரும்பினால் அதுவும் உருளும்.
அதை வைத்துத்தான் ரோட்டை அறிந்தேன்.
அக்கரைப்பற்று வரை அது பெரிதாக அசையவில்லை.
அம்பாறையில், முடியாது, கண்டிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள்.
மகியங்கனைக்கு அங்கால் மலை ஏறுகிறபோது
பதினெட்டு வளைவு.
வாப்பா முன் சீற்றில் ஓதிக்கொண்டிருந்தார்,
நான் பூச்சியை எண்ணிக்கொண்டிருந்தேன்.
இந்தப் பக்கம். அந்தப் பக்கம்.
பதினெட்டும் சரியாக வந்தது.

"திரும்பி வரக்குள்ள?"

பஸ்தான்.
பதினொரு நாள் பிள்ளை மடியில்.
ஜன்னலோர சீற் தந்தார்கள்,
நான் வெளியே பார்க்கவே இல்லை.
யானை நின்றதோ என்னவோ.

போன் சிணுங்குகிறது.
எஃப்ரைன் இரவு பஸ்ஸில்தான் வருகிறாராம்.
யானைக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார்.
ஒன்றும் கொடுக்க வேண்டாம்.
இன்னும் எழுதியிருக்கிறார்:
நீங்கள் எங்கள் ஊருக்கு வருவதென்றால்
லா பாஸிலிருந்து கடலைக் கடக்கும் கப்பல் உண்டு,
ஓர் இரவு, போர்வை கொண்டுவாருங்கள்.
துராங்கோவிலிருந்து தரை வழி,
அறுபதுக்கும் மேல் சுரங்கங்கள், மலையைக் குடைந்து.
ஜன்னல் பக்கம் பிடியுங்கள்.

நீங்கள் வருவதென்றால்.
இருமுறை வாசித்தேன். ஆணம் கொதித்துப் பொங்கியது.

"சுரங்கத்துக்குள்ள லைட் இருக்குமா?"
கேட்டு எழுதச் சொல்கிறாள்.
எழுதினேன்.
பிள்ளைக்கு அரை டிக்கட் எத்தனை வயது வரை
என்பதை நானாகச் சேர்த்தேன்.

அங்கே இப்போது நடுச்சாமமாக இருக்கும்.
பதில் இன்னும் வரவில்லை.