இடக் காது

ஒரு கிலோ எழுநூற்றைம்பது,
பையோட.
குலநாயகத்தின் கடைத் தராசில்
பருப்புக்கும் சீனிக்கும் நடுவில்
மணியத்தை நிறுத்தோம்.
"பையைக் கழிச்சா இன்னும் குறையும்" என்றார்,
பில்லுத் துண்டில் எழுதித் தந்தார்.

ஒட்டுசுட்டான் மாட்டு டொக்டர்
நிறை தெரியாமல் மருந்து தரமாட்டார்.
காதுக்குள் டோர்ச் அடித்தார்:
கோப்பித்தூள் மாதிரி ஊத்தை.
"பூச்சி. கிழவன் தாங்குவாரோ தெரியேல்ல,
விட்டுப் பாருங்கோ."

காலை மூன்று சொட்டு, இரவு மூன்று.
பழைய சறத்தில் சுற்றினால்
தலை மட்டும் வெளியே,
காணி வழக்குக்கு வந்தவர் மாதிரி
என்னையே பார்ப்பார்.
காதடியைப் பிசைய
உள்ளே மருந்து சளக் சளக்கென்னும்,
சறத்துக்குள் பின்னங்கால்
தன்பாட்டில் விறாண்டும்.
விட்டதும் ஒரு உதறல்.
மூன்று சொட்டில் ஒன்று என் உதட்டில்.
கைப்பு.

பல்லில்லை அவருக்கு.
அவித்த சூடையை முள் தேடிப் பிசைகிறேன்.
"மனுசருக்கே மருந்தில்லை, இதில பூனைக்கு"
வேலிக்கு அப்பால் ஒரு குரல்.
மறுமொழி சொல்ல வாய் திறக்க,
முள்ளொன்று விரலில் தட்டுப்பட்டது.

இரவில் தகரக் கதவோடு சாய்ந்திருந்து
கர கர கர.
தலையணையால் என் காதைப் பொத்தி
ஏசியபடி படுத்திருக்கிறேன், பல நாள்.

நேற்று மூன்று மணிபோல
சத்தம் இல்லாததில் முழித்துவிட்டேன்.
பாயிலிருந்து தவழ்ந்து போய்
இருட்டில் விலாவைத் தேடினேன்.
எலும்பு, எலும்பு, பிறகு
மெல்ல ஒரு ஏற்றம்,
வெகுநேரம் கழித்து இறக்கம்.

என் கை பட்ட கோபத்தில்
கால் எழும்பிற்று.
கர கர.

விறாண்டு ராசா, விறாண்டு.